கருத்தரங்குக்கு வி.எஸ். ராமச்சந்திரனை எடுத்திருக்கிறேன்: அவருடைய ஆய்வுத் தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

சேதுக்கரை மாணவன்:

வணக்கம். ஊர் சேதுக்கரை, படிப்பது மதுரையில், உளவியல் முதுகலை. இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு நரம்பியல் அறிஞரை எடுத்துக்கொண்டு, அவர் எழுதிய ஆய்வுகள் என்ன, அவற்றால் துறையில் என்ன மாறியது என்று அரை மணி நேரம் பேச வேண்டும். நான் வி.எஸ். ராமச்சந்திரனை எடுத்தேன். தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம். 2003-ல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகள், 2007-ல் பத்மபூஷண். இவ்வளவும் யார் தேடினாலும் கிடைக்கிற தகவல்.

ஆசிரியர் மூன்று எண்கள் கேட்கிறார்: எச்-குறியீடு, மொத்த மேற்கோள், கட்டுரைகள் வந்த இதழ்களின் தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்படுகின்றன என்ற கணக்கு). அட்டவணை போட்டாயிற்று. வகுப்புத் தோழன் அதைப் பார்த்துவிட்டு, "எண் பெரியதாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடையில் பேசியே பெயர் வாங்கியவர்தானே அவர்?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார், அதில் எது நின்றது, எது நிற்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கே கடலோரத்து ஆட்கள்தான் அதிகம், ஆனாலும் கேட்டுவைக்கிறேன்.

கீழக்கரை நூலகன்:

"ஆனாலும்" என்ற சொல்லை மன்னித்துவிட்டேன் தம்பி. கடலோரத்திலும் நூலகம் உண்டு. அதில்தான் என் காலம் கழிந்தது.

முதலில் உங்கள் ஆசிரியர் கேட்கும் எண். ஒருவருடைய எச்-குறியீடு 50 என்றால், அவர் எழுதியவற்றில் 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறையாவது பிறரால் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். இதை 2005-ல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். அவரும் அதே சான் டியேகோ வளாகத்துக்காரர் என்பது ஒரு வேடிக்கை. இன்னொரு வேடிக்கை, 2020-ல் அவரே தன் அளவுகோல் தவறாகப் பயன்பட்டுத் தீங்கு செய்யக்கூடும் என்று எழுதினார். உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்ல வேண்டாம், மதிப்பெண் குறையும்.

இந்த எண்ணுக்குக் கண் கிடையாது. பாராட்டி எடுத்தாண்டாலும் ஒன்று, "இது தவறு" என்று நிறுவுவதற்காக எடுத்தாண்டாலும் ஒன்று. ராமச்சந்திரன் விஷயத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் அவரை மறுப்பதற்கென்றே நல்ல ஆய்வுகள் பல எழுந்திருக்கின்றன. மறுபக்கம், ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனையில் அவர் காட்டிய வழியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நோயாளி முன் நிறுத்துகிற பணியாளர் எந்த இதழிலும் எதையும் மேற்கோள் காட்டப்போவதில்லை. அந்தப் பயன் கணக்கிலேயே வராது.

அட்டவணையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவருடைய எழுத்தைக் காலவாரியாகப் பிரியுங்கள். 1970-களிலும் 80-களிலும் அவர் முழுக்க முழுக்கப் பார்வைப் புலன் ஆராய்ச்சியாளர். 1973-லேயே இரு கண் பார்வையில் ஆழம் தெரிவது பற்றி இரண்டு பேரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். அப்போது வயது 21 அல்லது 22. 1988-ல் அதே இதழில் நிழலைக் கொண்டு மூளை எப்படி உருவத்தைக் கணிக்கிறது என்ற கட்டுரை. மேலே வெளிச்சமும் கீழே நிழலும் உள்ள வட்டம் மேடாகத் தெரியும், படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளமாகத் தெரியும். ஒளி மேலிருந்து ஒரே மூலத்திலிருந்து வருகிறது என்று மூளை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதுதான் காரணம். உங்கள் தோழர் சொல்லும் "மேடைப் பேச்சாளர்" வருவதற்கு வெகு முன்பே இது நடந்துவிட்டது. 90-கள் மாயக்கை, அதாவது வெட்டப்பட்ட கை இன்னும் இருப்பதுபோன்ற உணர்வு. 2000-க்குப் பிறகு புலன் கலப்பு (எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிவதுபோல ஒரு புலன் இன்னொன்றைத் தூண்டுவது), கண்ணாடி நரம்பணுக்கள் (ஒரு செயலை நாம் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்குபவை), கலை, மொழி என்று விரிந்தது. விரிந்தபோதுதான் சண்டையும் வந்தது.

தெற்குவாடி:

ஐயா, நடுவில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் பாம்பன். படித்த விவாதத்துக்குள் எனக்கு வேலை இல்லை, ஆனால் நீங்கள் எழுதிய ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். மாயக்கை.

என் அண்ணனுக்கு விசைப்படகில் மடிவலை இழுக்கும்போது வின்ச்சில் சுற்றிய இரும்பு வடத்தில் வலது கை சிக்கி முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத கை வலிக்கிறது என்கிறார். விரல்கள் மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல் இருக்கிறதாம், திறக்க முடியவில்லையாம். கை எங்கே இருக்கிறது திறப்பதற்கு? இரவில்தான் அதிகம். முதலில் நாங்கள் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அண்ணி ஓரியூர் தேவாலயத்துக்கு நேர்ந்துகொண்டார். வலி மாத்திரை தந்த மருத்துவர், "போகப் போகச் சரியாகும்" என்றதோடு சரி.

இந்த ராமச்சந்திரன் கண்ணாடி வைத்து ஏதோ செய்தார் என்கிறீர்களே, அது என்ன? நடக்கக்கூடிய காரியமா?

தொண்டி இயன்முறை:

சகோதரரே, முதலில் ஒன்று. உங்கள் அண்ணன் சொல்வது பொய்யும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. உறுப்பு இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உறுப்பு இருக்கிற உணர்வு தொடர்கிறது, அவர்களில் பலருக்கு வலியும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1870-களிலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். நான் இயன்முறை மருத்துவர், தொண்டியில் பார்க்கிறேன். நீங்கள் எழுதியதுபோலவே, "மூடிய விரல், குத்துகிற நகம்" என்று சொன்னவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இப்போது கண்ணாடி. 1996-ல் ராமச்சந்திரனும் அவர் மனைவி டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரை அது. மேசை மேல் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். நல்ல கை ஒரு பக்கம், இல்லாத கை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாகப் பாவனை. கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் சரியாக வந்து உட்கார்கிறது. இரண்டு கையையும் ஒரே மாதிரி அசைக்கச் சொன்னால், இழந்த கை அசைவதைக் கண் பார்க்கிறது. பத்துப் பேரிடம் செய்து பார்த்தார்கள். ஆறு பேருக்கு மாயக்கை அசைவதாகவே தோன்றியது. உங்கள் அண்ணனுக்கு இருப்பதுபோல விரல் இறுக்கி வலித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் நான்கு பேருக்கு, கண்ணாடியில் கை திறப்பதைப் பார்த்தபோது இறுக்கம் தளர்ந்தது.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்: "கையைத் திற" என்று மூளை ஆணையிடுகிறது. திறந்ததற்கான செய்தி எங்கிருந்தும் திரும்பி வருவதில்லை. ஆகவே ஆணை மேலும் மேலும் போகிறது, இறுக்கம் கூடுகிறது. கண்ணாடி அந்தத் திரும்பி வரும் செய்தியைக் கண் வழியாகக் கொடுத்துவிடுகிறது.

பத்துப் பேர் என்பது சிறிய எண்தான். 2007-ல் வாஷிங்டனில் அப்போது இருந்த வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் துணி மூடிய கண்ணாடி, இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக் கற்பனை. 18 பேர் நான்கு வாரம் முடித்தார்கள். கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது, மற்ற இரண்டிலும் அப்படி இல்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. இதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாயக்கை வலிக்குக் கண்ணாடி உறுதியான மருந்து என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. செலவில்லை, ஆபத்து மிகக் குறைவு, சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. முயன்று பார்க்க இவ்வளவு போதும் என்பது என் கருத்து. முதல் தடவை பயிற்சி உள்ளவர் அருகில் இருக்கட்டும், சிலருக்குத் தலைசுற்றலும் அழுகையும் வரும். வலி மாத்திரையை அதற்காக நிறுத்த வேண்டாம்.

மாணவத் தம்பிக்கு ஒரு தகவல்: கண்ணாடி மாயக்கையோடு நிற்கவில்லை. 1999-ல் லான்செட் இதழில் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் இதை முயன்று ஒரு சிறு கட்டுரை வந்தது, ராமச்சந்திரனும் அதில் ஓர் ஆசிரியர். 2018-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு பக்கவாதத்துக்கான கண்ணாடிப் பயிற்சி பற்றி 62 ஆய்வுகளைத் திரட்டியது, மொத்தம் 1,982 பேர். கை கால் அசைவு மேம்படுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருப்பதாக முடிவு. எங்கள் வேலையில் கண்ணாடி அதிகம் பயன்படுவது பக்கவாத நோயாளிகளிடம்தான். சொல்லப்போனால் கண்டுபிடித்தவர் நினைத்த இடத்தைவிட வேறொரு இடத்தில் அது நன்றாகக் காலூன்றிவிட்டது.

மண்டபம் முகாம்:

நான் கடல் உயிரியல் ஆள், நரம்பியல் என் துறை இல்லை. ஆனால் இந்த இழையில் ஒரு குரலாவது குளிர்ந்த தலையோடு பேசட்டும் என்று எழுதுகிறேன்.

கண்ணாடி நல்ல கருவி, ஒப்புக்கொள்கிறேன். கருவி வேறு, கோட்பாடு வேறு. ராமச்சந்திரன் 1992-ல் சயன்ஸ் இதழில் எழுதியது என்ன? கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டால், இல்லாத கட்டைவிரலைத் தொட்டதுபோல் உணர்கிறார். மூளையின் தொடு உணர்வு வரைபடத்தில், பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர் 1937-ல் காட்டியபடி, முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து இடம். ஆகவே காலியான கையின் இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்றார். அதற்கு முந்தைய ஆண்டு பான்ஸ் குழுவினர் குரங்குகளில் அப்படி ஓர் இடமாற்றத்தைக் காட்டியிருந்தார்கள். 1995-ல் ஃப்ளோர் குழுவினர், இடமாற்றம் எவ்வளவு அதிகமோ வலியும் அவ்வளவு அதிகம் என்று நேச்சரில் எழுதினார்கள். அழகான கதை, பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

2013-ல் டமார் மாக்கின் குழுவினர் நேர்மாறாகக் காட்டினார்கள்: மாயக்கை வலி அதிகமாக உள்ளவர்களின் மூளையில் கையின் இடம் கெடாமல் அப்படியே இருக்கிறது. 2025-ல் அதைவிடக் கூர்மையான ஒன்று நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வந்தது. அறுவைக்கு முன்பும் பின்பும் அதே மூன்று பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கை போன பிறகும் கையின் வரைபடம் மாறவில்லை, உதடு அந்த இடத்துக்குள் படையெடுக்கவும் இல்லை. மூன்றே பேர்தான், ஆனால் முன்-பின் ஒப்பீடு இதற்கு முன் யாருக்கும் வாய்க்கவில்லை.

அடுத்து கண்ணாடி நரம்பணு. இத்தாலியில் பார்மா ஆய்வகம் 1992-ல் குரங்கில் கண்டது. ராமச்சந்திரன் 2000-ல் ஒரு கட்டுரையில், உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ உளவியலுக்கு இது அப்படி என்று ஆரூடம் சொன்னார். பிறகு ஆட்டிசத்துக்கும் அந்த நரம்பணுக்களின் குறையே காரணம் என்ற வழியில் போனார். 2009-ல் கிரெகரி ஹிக்காக் எட்டுக் குறைகளை அடுக்கி எழுதினார், ஆட்டிசக் கருத்தும் பின்னால் வந்த சோதனைகளில் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த ஆரூடம் பலிக்கவில்லை என்று இப்போது தயங்காமல் சொல்லலாம்.

தாக்கம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் தம்பி மண்டபம் இறங்குதளத்துக்கு வரட்டும். கூடை கூடையாகக் கிடக்கிறதே ஊசிக்கணவாய், அந்த இனத்தின் உடலில் ஒரு நரம்பிழை அரை மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்குள் மின்முனையைச் செலுத்தித்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். 1952-ல் ஐந்து கட்டுரைகள். 1963-ல் நோபல். எழுபது ஆண்டு கடந்தும் அந்தச் சமன்பாடு நிற்கிறது. அது தாக்கம்.

கீழக்கரை நூலகன்:

மண்டபம் முகாம் சொன்ன செய்திகள் சரி, தீர்ப்புதான் அவசரம்.

கணவாயை எடுத்துக்காட்டியதால் அதிலேயே பேசுகிறேன். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லிக்குக் கணவாயின் அந்தத் தடித்த நரம்பிழையைச் சுட்டிக்காட்டியவர் ஜே.இசட். யங், 1936-ல். அவர் சமன்பாடு எதுவும் எழுதவில்லை. "இங்கே பார், இதில் வேலை செய்யலாம்" என்று காட்டினார். அவருக்குத் தாக்கம் இல்லையா? ராமச்சந்திரனை நான் யங்கின் வரிசையில் வைக்கிறேன். கை இழந்தவர்களை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மாயக்கையைச் சோதித்துப் பார்க்கலாம், அதுவும் பஞ்சும் கண்ணாடியும் கொண்டே சோதிக்கலாம் என்று வந்தது அவரால். நீங்கள் சொல்லும் மாக்கின் கேட்ட கேள்வியே 1992-ன் கேள்விதான்.

ஒரு கோட்பாடு முப்பது ஆண்டு மூளை ஸ்கேன் கருவிகளுக்கெல்லாம் வேலை கொடுத்துவிட்டுத் தோற்றால், அந்தத் தோல்வியை வெற்றுப் பேச்சோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி நரம்பணு ஆரூடம் வேறு கதை. அங்கே சோதனை குறைவு, சொல் அதிகம். அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

மண்டபம் முகாம்:

யங்கோடு ஒப்பிடுவது பெருந்தன்மை. யங் காட்டியது அங்கே இருந்த ஒரு பொருள். ராமச்சந்திரன் காட்டியது தன் விளக்கத்தோடு ஒட்டிக்கொண்ட பொருள். இடமாற்றக் கதை விழுந்த பிறகு, கன்னத்தைத் தொட்டால் விரலில் உணர்வது ஏன் என்பதற்குப் புது விளக்கம் தேட வேண்டியதாயிற்று. மேடைப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கதை இவ்வளவு காலம் கேள்வியில்லாமல் ஓடியிருக்காது. இது என் குற்றச்சாட்டு, இதில் மாற்றமில்லை.

கீழக்கரை நூலகன்:

மேடைப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் தெற்குவாடி இங்கே கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார். இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள்.

ராமேஸ்வரம் ஆசிரியை:

பெரியவர்கள் சண்டைக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடச் செய்தி. 2001-ல் ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் எழுதியது: கூரிய முனைகள் கொண்ட ஒரு வடிவம், குழைந்த வளைவுகள் கொண்ட ஒரு வடிவம். இதில் எது "கிக்கி", எது "பூபா" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கூரியதைத்தான் கிக்கி என்கிறார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் இங்கே தமிழ் பேசுவோரிடமும் கேட்டதாகச் சொல்வார்கள். என் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் அதே பதில். ஒரு பையன் மட்டும் மாற்றிச் சொன்னான். ஏன் என்று கேட்டால், "பூபா எங்கள் நாயின் பெயர் டீச்சர், அது கடிக்கும்" என்றான்.

இதன் வேர் 1929-ல் ஜெர்மானிய உளவியலாளர் கோலர் செய்த சோதனை, ராமச்சந்திரன் அதற்குப் புதுப் பெயரும் மூளை விளக்கமும் கொடுத்தார். 2022-ல் 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் மீண்டும் சோதித்தபோது 72 விழுக்காட்டினர்தான் எதிர்பார்த்த விடை சொன்னார்கள். தொண்ணூற்றைந்து இல்லை, ஆனால் தற்செயலும் இல்லை. மண்டபம் முகாம் ஐயாவின் புகாருக்கும் நூலகர் ஐயாவின் பதிலுக்கும் இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. எங்கள் ஊர்க்காரர் கலாம் ஐயா ஏவுகணைக்குச் செய்த எடை குறைந்த கலவைப் பொருளில் போலியோ குழந்தைகளுக்குக் கால்தாங்கி செய்ததைப் பேச்சுகளில் சொல்வார். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது முந்நூறு கிராமாகக் குறைந்தது. அது எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று யாராவது தேடியிருப்பார்களா?

சேதுக்கரை மாணவன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நூலகர் ஐயா, மண்டபம் ஐயா இருவரையும் கருத்தரங்குக்குக் கூட்டிப்போனால் நான் பேசவே வேண்டாம்.

ஒரு யோசனை: அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கிறேன். முக்கியமான ஐந்தாறு கட்டுரைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவர்களில் சிலரைப் படித்து, ஏற்றார்களா, மறுத்தார்களா, பெயருக்குச் சொல்லிவிட்டு நகர்ந்தார்களா என்று எழுதப்போகிறேன். 1992, 1996 கட்டுரைகளில் தொடங்குகிறேன்.

கீழக்கரை நூலகன்:

நல்லது. 1988-ஐ விட்டுவிடாதீர்கள். யாரும் சண்டை போடாத கட்டுரை என்பதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1996 கட்டுரை ராயல் சொசைட்டி ப்ரொசீடிங்ஸ், பி வரிசை, தொகுதி 263, பக்கம் 377-ல் தொடங்கும். உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை என்று சொன்னால் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். அது அவர்கள் கடமை.

தெற்குவாடி:

சகோதரிக்கும் ஐயாக்களுக்கும் நன்றி. செய்து பார்த்தோம். பாம்பனிலேயே ஓர் இயன்முறை மருத்துவர் வந்து பக்கத்தில் இருந்தார். அலமாரிக் கதவில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் நிறுத்தினோம். அண்ணன் முதலில் சிரித்தார், "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்றார். இடது கையை மூடித் திறக்கச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று, "திறக்கிறது, திறக்கிறது" என்று சத்தம் போட்டார். அண்ணி பயந்து வெளியே ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் செய்கிறார். கண்ணாடி முன் இருக்கும்வரை இறுக்கம் இல்லை. இரவில் மறுபடி வருகிறது, ஆனால் முன்பைப்போல் அல்ல என்கிறார். சில நாள் ஒன்றுமே பலிக்கவில்லை, அன்றைக்கு வீட்டில் எல்லோர் மேலும் கோபம். இன்னொரு விஷயம்: மாயக்கை இப்போது குட்டையாகிவிட்டதாம், தோளுக்குப் பக்கத்தில் வெறும் விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. இது நல்லதா கெட்டதா?

தொண்டி இயன்முறை:

பயப்பட வேண்டாம். மாயக்கை சுருங்கி உடம்போடு ஒட்டுவது பலருக்கு நடக்கிறது. 1996 கட்டுரையிலேயே ஒருவருக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தபோது அப்படியே ஆனது, கை மறைந்து விரல்கள் மட்டும் தோளருகே நின்றன. வலி குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பலிக்காத நாட்களுக்கு ஒரு வழி. லோரிமர் மோஸ்லி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் படிப்படியான முறை ஒன்றை வகுத்தார். முதலில் கைகளின் படங்களைக் காட்டி இடதா வலதா என்று விரைவாகச் சொல்லப் பழக வேண்டும். அடுத்து அசைவதாக மனதில் நினைக்க வேண்டும். மூன்றாவதாகத்தான் கண்ணாடி. நேரே கண்ணாடிக்குப் போவது சிலருக்குச் சுமையாகிவிடுகிறது. படங்கள் வேண்டுமானால் உங்கள் அண்ணனின் நல்ல கையையே பல கோணங்களில் கைபேசியில் எடுத்து, பாதியை இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். கண்ணாடியின் முன் நீண்ட நேரம் உட்கார வைக்காதீர்கள். வால்ட்டர் ரீட்டில் செய்ததே நாளொன்றுக்குக் கால் மணி நேரம்தான்.

மண்டபம் முகாம்:

தெற்குவாடிக்கு: உங்கள் அண்ணனுக்குக் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி, உண்மையாகவே. மாணவத் தம்பிக்கு: இந்த ஒருவருடைய அனுபவத்தை உங்கள் கருத்தரங்கில் சான்றாக வைக்காதீர்கள். காலப்போக்கில் தானாகவே குறைந்ததா, கண்ணாடியால் குறைந்ததா என்று ஒரே ஆளை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் துணி மூடிய கண்ணாடிக் குழு.

சேதுக்கரை மாணவன்:

சரி ஐயா. அந்த மூடிய கண்ணாடிக்கே தனியாக ஒரு பக்கம் ஒதுக்குகிறேன்.

தெற்குவாடி:

சகோதரி, கடைசியாக ஒன்று. அண்ணனைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவர் முன்பு மீன் பிடிக்க வீசும் வெடித் தோட்டா கையிலேயே வெடித்து இரண்டு கையும் போனவர். செய்தது சட்டவிரோதம்தான், அதற்கான தண்டனையை அவர் உடம்பே அனுபவித்துவிட்டது. அண்ணன் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எந்தக் கையைக் காட்டுவாய்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

தொண்டி இயன்முறை:

அவருக்குக் கண்ணாடி உதவாது, அது ஒரு கை மிச்சம் இருப்பவர்களுக்கான கருவி. ஆனால் வழி இல்லாமல் இல்லை. இரண்டு காலும் இழந்தவர்களிடம் 2014-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் கால்களை அசைக்க, இவர் அதைப் பார்த்துக்கொண்டே தன் மாயக்கால்களை அசைக்க முயல வேண்டும். வலி குறைந்தது. வெறும் கற்பனை செய்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. கைக்கும் அதே முறையில் முயலலாம். எதிரே உட்கார ஆள் வேண்டும், அவசரப்படாத ஆள். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் உங்களுக்கும் கடல் இல்லை. அவரைத் தொண்டிக்கு அழைத்து வாருங்கள், உங்களையே எதிரே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். பழைய மருத்துவச் சீட்டுகளைக் கொண்டுவர மறக்க வேண்டாம்.